உள்ளே இருப்பதில் இது மட்டும்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் ஐயா, காகிதம் பறக்கிறது. நடந்ததை நடந்தபடி வாக்குமூலமாக எழுதிக் கொடு என்றீர்கள், எழுதுகிறேன். கணினிக்கு நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. இல்லாததை எழுதிப் பழக்கமில்லை.

தத்துப் பதிவு அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதிவு. அதற்குள் பெற்ற தாயின் பதிவு. அதற்குள் மூன்று வரி: பெயர், முகவரி, பரம்பரை நோய். மருத்துவமனை கேட்டால் குழந்தையின் பதிவு தானாகப் போய்ச் சேரும். தாயின் பெயரும் முகவரியும் போகக் கூடாது, நோய் போயே ஆக வேண்டும். அதுதான் விதி.

பழைய நிரலுக்கு இந்த நுணுக்கம் தெரியாது. அனுப்பினால் தாயின் பதிவை முழுதாக அனுப்பும், மறைத்தால் முழுதாக மறைக்கும். நான்தான் அதற்கென்று நிரலுக்குள் ஒரு முத்திரை, ஒரு வரிக் கட்டளை, எழுதினேன். ‘தாய்’ என்ற வரியின் தலைமேல் ‘உள்ளே இருப்பதில் இது மட்டும்’ என்று வைத்து, பக்கத்தில் ‘நோய்’ என்று போட்டால் போதும். மற்ற இரண்டும் வாயைத் திறக்காது. “ரெண்டு வருஷத் தலைவலிய ஒரே வரியில தீர்த்துட்டியேம்மா” என்றார் மேலாளர். அன்று சந்தோஷமாக இருந்தேன்.

என் மகள் சிட்டுவும் அந்த அலுவலகம் வழியாகத்தான் வந்தாள், பதினோரு நாள் குழந்தையாக. அவளுக்கு அது தெரியாது. போன வருடம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, “எனக்கு மட்டும் ஏம்மா கன்னத்துல குழி விழுது?” என்று கேட்டாள். மறுநாளே அவள் பதிவைத் திறந்து பார்த்தேன். மயக்க மருந்து அந்தக் குடும்பத்துக்கு ஆகாது, பெற்றவளின் தம்பி அதனாலேயே இறந்தான் என்று நோய் வரியில் இருந்தது.

பயந்துபோனேன். நோய்க்கு அல்ல. யாராவது ஒரு மருத்துவர் சிட்டுவின் எதிரில், “உன்னப் பெத்தவங்களுக்கு” என்று ஆரம்பித்துவிட்டால் அவள் அந்தப் பெண்ணைத் தேடிப் போய்விடுவாள். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. முத்திரையிலிருந்து ‘நோய்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது. ஒரு சொல்லை மறைக்கலாம்.

எதையும் அழிக்கவில்லை ஐயா. எல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. வெளியே போகவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு சிரமம். அந்த முத்திரையை ஒரு குழந்தைக்கு மட்டும் வைக்க முடியாது. செங்கல் அச்சில் கீறல் விழுந்தால் அதில் அறுக்கிற எல்லாக் கல்லிலும் விழும். ஆறாயிரத்துச் சொச்சம் குழந்தைகளுக்கும் தாயின் நோய் போவது நின்றுவிட்டது. பதினான்கு மாதம். நடுவில் இரண்டு மருத்துவமனைகள் கேட்டு எழுதின. ‘பதிவில் குறிப்பு ஏதும் இல்லை’ என்று நான்தான் பதில் போட்டேன். அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சிட்டுவுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது, உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். தொடங்கிய இருபதாவது நிமிடம் உடம்பு கொதிக்க ஆரம்பித்ததாம். நான்கு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, போய்விட்டாள் என்று சொன்னார்கள்.

நர்ஸை ஒன்றும் செய்யாதீர்கள். அவர் காலையிலேயே படிவத்தோடு வந்து முறையாகக் கேட்டார். “அம்மா வழியில யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?”

தனியே கூட்டிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். சிட்டு என் விரலை விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சிஸ்டர். எனக்கு ரெண்டு ஆபரேஷன் ஆச்சு, ஒண்ணும் ஆகல.”

அதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அம்மா வழி என்றால் நான்தானே ஐயா.