டானாயியின் இடக்கன்னம்

கேலிப்படத்தில் ஆண்களை வரைவது எளிது, ஐயா. மந்திரியென்றால் தொந்தியைப் பெருக்கி மூக்கை நீட்டிவிட்டால் போதும், லண்டனே அடையாளம் கண்டுகொள்ளும். பெண் முகம் மட்டும் எனக்கு மனத்திலிருந்து வராது. பார்த்துத்தான் வரைய வேண்டும்.

அந்த வசந்தத்தில், மந்திரி ஒருவர் வரிப்பணத்தைத் தன் ஆசைநாயகிக்கு வாரி இறைக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. படக்கடை மிசஸ் கார்வி என்னைக் கூப்பிட்டாள். "டில், அந்தாளை ஜூபிடர் சாமியா போட்டுடு. அந்தப் பழைய கிரேக்கக் கதையில வர்ற மாதிரி, பூட்டின அறைக்குள்ள இருக்கிற டானாயி மடியில பொன்மழையா கொட்டட்டும். வாசல்ல கூட்டம் எப்படி நிக்குது பாரு!" என்றாள். அந்த ஆசைநாயகியை எங்களில் யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் கையுறை தைக்கும் ஹெஸ்டர் பிலிங்கை நான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டானாயிக்கு அவள் முகத்தைப் போட்டேன்.

படம் கடை ஜன்னலில் தொங்கிய மறுநாளே மீன்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். "என்னடி டானாயி, நேத்து நல்ல மழையாமே? மடி நனைஞ்சுதா?" கையுறைக்கடைக்காரர் இனி வரவேண்டாம் என்றுவிட்டார். அவளைக் கட்டிக்கொள்ளவிருந்த பள்ளி ஆசிரியர் முகம்கூடக் காட்டவில்லை, கடிதம் அனுப்பினார். மூன்றாவது வாரம் தேம்ஸ் ஆற்றிலிருந்து அவளை எடுத்தார்கள்.

கைப்பழக்கத்தில் அவள் முகம் வந்துவிட்டது என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். செம்புத் தகட்டில் வெட்டியது காகிதத்தில் இடம் வலம் மாறித்தான் விழும். பார்த்தது பார்த்தபடி வெட்டியிருந்தால் அவளுடைய இடக்கன்னத்து மச்சம் வலப்பக்கம் போயிருக்கும். இது நானில்லை என்று அவள் நாலு பேரிடம் வாதாடியிருக்கலாம். நான் என் வரைபடத்தைக் கண்ணாடியில் காட்டி, அதைப் பார்த்து வெட்டினேன். மச்சம் சரியான கன்னத்தில் விழுந்தது.

படம் வெளியான சில நாளில் அவள் என் அறைக்கு வந்தாள். "டில் ஐயா, மூக்கையாவது மாத்திடுங்க. உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டாள்.

"செம்புல வெட்டினதை எடுக்கிறது லேசில்லம்மா. பார்க்கிறேன். நாளைக்கு வாங்க" என்றேன்.

மறுநாளும் வந்தாள். பதினோரு நாள் வந்தாள். ஒருநாள் அழுதாள். நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தேன், பாதி குடித்தாள். பன்னிரண்டாம் நாள் வரவில்லை.

தகடு அப்போது என் மேசைக்கடியில்தான் இருந்தது. மிசஸ் கார்வியே மனமிரங்கி, முகத்தை மாற்றிக் கொடுத்தால் ஜன்னலில் இருப்பதை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, ஹெஸ்டர் வந்த முதல் நாளே அதை அனுப்பிவிட்டாள். செம்பில் ஒரு முகத்தைச் சுரண்டி வேறு முகம் வெட்ட எனக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

இரண்டு வருடத்தில் அவள் ஒருமுறைகூட என் ஜன்னல் பக்கம் தலை திருப்பியதில்லை, ஐயா. அந்தப் பதினோரு நாளும் தவறாமல் வந்தாள். முகத்தைச் சுரண்டியிருந்தால், மறுநாள் வந்திருக்க மாட்டாள்.