அச்சுக்கு வெச்ச பொட்டு

ஒரு சின்னக் கதை சொல்றேன்... உங்க கையில இருக்கிற காபி ஆறுறதுக்குள்ள முடிச்சுடுவேன்.

கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி. பிறந்த குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்க மூக்குல வைப்பாங்களே, குட்டிக் குழாய்... அது தயாரிக்கிற இடம். மூக்குக்குள்ள போற நுனியை மட்டும் வெளியில அச்சுல வார்த்துக் கொடுக்கிறவர் நாச்சிமுத்து. அவர் சரக்குல தப்பே வந்ததில்லை. அதனால பெட்டியை யாரும் திறந்து பார்க்கறதில்லை. நேரா உள்ளே போயிடும்.

ஆயுத பூஜை முடிஞ்சு முதல் லோடு வருது. தரம் பார்க்கிற சுகிர்தா வண்டியை நிறுத்திட்டு வர்றா... உள்ளங்கையெல்லாம் குங்குமம்! ஹேண்டில்பாருக்கு வெச்ச பொட்டு. சட்டுனு ஒரு சந்தேகம். 'நாச்சிமுத்து அண்ணன் எதுக்கெல்லாம் பொட்டு வெச்சாரோ?'

பெட்டியைத் திறந்தா. ஒரு நுனியை வெள்ளைப் பஞ்சால துடைச்சா... பஞ்சுல லேசா சிவப்பு.

தகவல் போனதும் நாச்சிமுத்துவே கிளம்பி வந்துட்டார். "ஏனுங்க அம்மிணி, பூஜை போட்ட அச்சு! அதும்மேல சந்தேகமா?"

"சாமி மேல சந்தேகம் இல்லீங்கண்ணா. குங்குமத்து மேலதான்."

மேனேஜர் பதறுறார். "தொடைச்சு அனுப்பிடும்மா! சாயங்காலம் லாரி கிளம்பணும். இவர் கோவிச்சுகிட்டா இதுக்கு வேற ஆளே கிடையாது!"

"கோவிச்சுக்கட்டும் சார், அண்ணனை நாளைக்குச் சமாதானம் பண்ணிக்கலாம். துளைக்குள்ள ஒட்டின பொடி மூக்குல போய், நேத்துப் பிறந்த குழந்தை மூச்சு விடலேன்னா... யாரைச் சமாதானம் பண்ணுவீங்க?"

"அப்ப இனிமே என்ற சரக்கே உங்களுக்குக் கிடையாது!"

சுகிர்தா என்ன செஞ்சா தெரியுமா? 'அனுப்பக் கூடாது'ன்னு அர்த்தம் சொல்ற சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தா. எல்லாப் பெட்டியிலயும் ஒட்டினா. "பாருங்கண்ணா... நானும் பொட்டு வெச்சுட்டேன்."

லாரி காலியாத்தான் போச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு நாச்சிமுத்துவே கூப்பிட்டார். போய்ப் பார்த்தா... அச்சு பளிச்னு இருக்கு. பொட்டு அச்சு அறைக்கு வெளியே, கதவு நிலையில. "சாமி வெளிய நின்னு காவல் காக்கட்டும்னு சொல்லிப்போட்டேன் அம்மிணி. இனிமே என்ற பெட்டியையும் திறந்து பாத்துட்டே எடுங்க."

இப்ப உங்களைக் கேக்கறேன்... 'நம்ம ஆளு, தப்பு வராது'ன்னு திறக்காமலே உள்ளே விட்ட பெட்டி எத்தனை?

என் வீட்லயும் ஒரு கைக்குழந்தை இருக்கு. அது தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரல் வெச்சுப் பார்க்கிறவ நான். ஆக்சிஜன் குழாய் வெச்ச குழந்தைக்கு நாச்சிமுத்துவைத் தெரியாது. மேனேஜரைத் தெரியாது. 'இது வேண்டாம்'னு சொல்லவும் தெரியாது. அதுக்காக நாமதான் சொல்லணும்!

ஆளை நம்புங்க... பெட்டியைத் திறங்க. யாராவது முறைச்சா?

முறைக்கட்டும்!