ஊறாத வள்ளம்

விமலேஸ்வரி சொல்வதில் பாதிதான் உண்மை, விதானையார். வீட்டு நல்லெண்ணெய் முழுவதையும் நான் வள்ளத்துக்குப் பூசவில்லை. வள்ளத்துக்குச் சுறா எண்ணெய். நல்லெண்ணெய் துடுப்புக்கு மட்டும்.

என் மனைவி கதைக்கத் தொடங்கினால் அப்படித்தான். "தபாற்கந்தோரில முத்திரை குத்திற மனிசனுக்கு எதுக்கு வள்ளம்? மீனும் சந்தையிலதானே வாங்கிறியள்" என்பாள். ஓம், சந்தையில்தான். மீன் பிடித்தால் பலகையில் செதில் ஒட்டுமே. பின்னேரம் கந்தோர் பூட்டியதும் நந்திக்கடல் களப்பில் வள்ளத்தை இறக்கி, நடுவில் சும்மா இருப்பேன். பலகை மெல்ல முனகும். வீட்டு முனகலைவிட அது கேட்க இதம்.

பலகை வள்ளம் காயக்கூடாது. சில கிழமை வெயிலில் கிடந்தாலே பலகை சுருங்கி மூட்டு விலகும். திரும்ப ஓட்டுமுன் கரையோரத் தண்ணீரில் அமிழ்த்தி, பலகை பருத்து இறுகும்வரை ஊறவிட வேண்டும். விமலேஸ்வரியின் தம்பி நடராசாவுக்கு இது பெரிய பகிடி. துணுக்காயில் நெல் விதைக்கிறவன். "வண்டிலை ஆரும் குளத்துக்க தாழ்ப்பினமோ அத்தான்?" என்று சிரிப்பான்.

அந்த வள்ளத்தைத்தான் அவள் என்னைக் கேளாமலே தம்பிக்குத் தருவதாகச் சொல்லிவிட்டாள். களப்பின் அந்தப் பக்கத்துக்கு நெல் ஏற்றவாம். பின்பக்கத்தை வெட்டி மெசின் பூட்டப்போகிறானாம். வெட்டி. அந்தச் சொல்லை அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

நான் மறுக்கவில்லை. "சித்திரை முடிய வந்து எடும்" என்றேன். மறுநாளே வள்ளத்தைக் கரையேற்றி, வெயில் நன்றாகப் படும்படி கவிழ்த்துவைத்தேன். சித்திரை முழுவதும் காய்ந்தது. விலகிய மூட்டுகளில் களிமண்ணை அப்பி, மேலே எண்ணெய் பூசி மினுக்கினேன். களிமண் கொஞ்சத் தூரம் தாங்கும்.

வந்தவன் பலகையைத் தட்டிப் பார்த்தான். "இப்பதான் அத்தானுக்குப் புத்தி வந்திருக்கு. ஈரமே இல்லை" என்றான். அவ்வளவு சந்தோசப்படுகிறவனிடம் என்னத்தைச் சொல்வது? நீந்தத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. குளக்கட்டில் நின்று வாளியால் அள்ளிக் குளிக்கிறவன் என்பது தெரிந்ததுதானே.

ஒருதரம் நனைந்தால் மெசின் ஆசை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவன் தனியாக வலித்துக்கொண்டு போக, நடுக்களப்பில் வள்ளம் தாழத் தொடங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. முதல் நாளே மீன்பிடிக்கிற நளீரிடம் தோணி இரவல் வாங்கி வைத்திருந்தேன். அதில் உடனே போனேன். ஒரு பக்கம் நடராசா "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுபக்கம் வள்ளம் கவிழ்ந்து, காற்றோடு இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. மனிதன் கூப்பிடுவான், வள்ளத்துக்கு வாயில்லை. ஆகவே முதலில் அதன் கயிற்றைப் பிடித்துத் தோணியில் கட்டினேன். முடிச்சை அவசரப்பட்டுப் போட்டால் அவிழ்ந்துவிடும்.

அவன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் அவனுக்கு ஒன்றுமில்லை என்றிருந்தேன். சத்தம் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

விமலேஸ்வரி இப்போது என்னோடு கதைப்பதில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள், ஆற நாளெடுக்கும். நீங்கள் விசாரணை முடித்து என்னை அனுப்பியதும், ஒரு பின்னேரம் அவளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அதன் அருமை அவளுக்கு இன்னும் தெரியாது.