நாவற்கரைக்கு வீடுகளை மீட்டுக் கொடுத்த ஜொய்சி அம்மையாருக்கு

விண்ணப்பக் கோவைகளுக்குள் குடும்பங்களைக் கண்டவரே! கற்குவியலுக்குள் கூடங்களைக் கண்டவரே! பருத்தித்துறை பெற்றெடுத்து, மிஷன் பள்ளி வளர்த்தெடுத்து, எங்கள் பிரதேச செயலகத்தின் வீடமைப்புப் பிரிவுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் வாய்த்த பெரும்பேறே! இன்று ஓய்வு பெறும் திருமதி ஜொய்சி நோர்மன் அம்மையாரே, வணக்கம்!

அரசாங்கம் பிணை நிற்க, வங்கி பணம் வழங்க, கிராமத்து ஏழை தனக்கென்று ஒரு வீடு கட்டுவது என்பதே எங்கள் கடன் திட்டத்துக்கான விளக்கம். அந்த ஒரு வரிக்குள் இந்தப் பிரதேசத்தின் வரலாறு முழுவதும் உறங்குவதை எங்களுக்குக் காட்டியவர் தாங்கள். தங்கள் அலுமாரியின் அடித்தட்டில் மண்வீட்டுக்குச் சீமெந்து நிலம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஷெல் விழுந்த கூரைக்கு ஓடு கேட்டவர்கள். அதற்கும் மேல், ஊரே எழும்பிப் போன காலத்தில் பதில் இல்லாமல் திரும்பி வந்த கடிதங்கள். மேல்தட்டில், மீண்டு வந்தவர்கள். மழைக்கால மதியங்களில் அக்கோவைகளைத் தாங்கள் புரட்டும்போது, கடலடியில் மூழ்கிய ஊரொன்று மெல்ல மேலே வருவது போல எங்களுக்குத் தோன்றும்.

நாவற்கரை விடுவிக்கப்பட்ட நாளை மறப்போமா! இருபத்தாறு ஆண்டுகள் இராணுவ முட்கம்பிக்குள் கிடந்த கிராமம். வீடில்லை, வேலியில்லை, ஒழுங்கையில்லை. ஆளுயரப் பற்றைகளுக்குள் கிணறுகள் மட்டும் வானத்தைப் பார்த்தபடி கிடந்தன. இடம்பெயர்ந்த வழியில் காணி உறுதியைத் தொலைத்துவிட்ட கமலாவதி அம்மா, ஒரு கிணற்றைக் காட்டி இது என் வளவு என்றார். பக்கத்துக் காணிக்காரரான சண்முகநாதன் ஐயாவும் அதே கிணற்றைக் காட்டித் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். பிணக்குள்ள காணிக்குக் கடனில்லை என்பது விதி. விண்ணப்பம் ஏற்பது முடிய மூன்றே வாரங்கள் இருந்தன. இருவரும் இணங்காவிட்டால் இருவருக்குமே வீடில்லை.

தாங்கள் விதியையும் மீறவில்லை, அவர்களையும் கைவிடவில்லை. ஒரு காலைப் பொழுதில் இருவரையும் அங்கே அழைத்துச் சென்றீர்கள். உடன் வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுபாஸ்கரன் அந்தக் காலையை இன்றைக்கும் கனவொன்றைச் சொல்வது போலத்தான் சொல்லுவார்.

"அம்மா, கண்ணை மூடுங்கோ. கிணத்திலை தண்ணி அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போங்கோ," என்றீர்கள்.

கமலாவதி அம்மா கண்களை மூடினார். இல்லாத வாளியின் பாரத்தில் ஒருபக்கம் சாய்ந்து, காய்ந்த புல்லின் மேல் மெல்ல நடந்தார். ஓரிடத்தில் தலையைக் குனிந்தார்.

"இதிலை வாசல் நிலை பதிவு, மிஸ். குனியாட்டித் தலை அடிபடும். இது குசினி, அதிலை அடுப்பு. இந்த யன்னலுக்கை றேடியோவை வைச்சிட்டுத்தான் அவர் பின்னேரத்திலை சேவ் எடுக்கிறவர்."

தள்ளி நின்ற சண்முகநாதன் ஐயாவின் முகம் மாறியது. "அந்த றேடியோவிலைதானே நானும் செய்தி கேக்கிறனான்," என்றார். "வேலிக்கு இஞ்சாலை நிண்டு கேப்பன். யன்னலிலையிருந்து பத்தடி இருக்கும்." சொல்லிக்கொண்டே நடந்து வந்து ஓரிடத்தில் நின்றார். "அப்ப வேலி இதிலைதான், மிஸ்."

அவர் நின்ற இடத்திலிருந்து வேலி போன திசைக்கு சுபாஸ்கரன் நூல் பிடித்தார். நூல் கிணற்றின் நடுவால் போயிற்று.

"பங்குக் கிணறு. ரெண்டு வளவுக்கும் பொது," என்றார் ஐயா, தலை குனிந்து. "நான்தான் பிழையா நினைச்சுப் போட்டன். தங்கச்சி, குறை நினையாதை."

"நானும் முழுக் கிணறும் எங்கடை எண்டெல்லோ நினைச்சனான், அண்ணை," என்றார் கமலாவதி அம்மா.

அங்கு இல்லாத ஒரு வேலியின் இரு பக்கமும் நின்று இருவரும் அழுதார்கள். தாங்கள் பற்றைக்குள் ஏதோ தேடுவது போல அப்பால் போய்விட்டீர்கள்.

ஆனால் அன்று கண்டதை எழுதித் தாங்கள் அனுப்பிய அறிக்கையை வங்கி திருப்பி அனுப்பியது. நினைவை ஆவணமாக ஏற்க முடியாதாம். தாங்கள் கோபிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். தங்கள் அறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மறுநாள் முதல் நாவற்கரையின் முப்பத்தெட்டுக் குடும்பங்களையும் அந்த மண்ணில் நடக்க வைத்தீர்கள். ஒருவர் சொன்னதை அயலவரிடம் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள், சத்தியக்கடதாசி வாங்கினீர்கள், நில அளவையாளரைக் கையோடு கூட்டி வந்தீர்கள். ஒவ்வொரு காணியின் பெயரோடும் ஒரு படம் வரைந்தீர்கள். கடைசி நாளுக்கு முதல் நாள், ஒன்றோடொன்று பொருந்திய அத்தனை சாட்சிகளின் முன்னால் வங்கி இணங்கியது.

எல்லாம் இனிதாய் முடிந்ததா? இல்லை. கடன் கிடைத்தவர்களில் ஒருவரான கேதீஸ்வரன் அண்ணை அத்திவாரம் வெட்டிய கிழமையே காலமானார். அந்தக் கோவையை மூடச் சொல்லி மேலிடத்தில் இருந்து கடிதம் வந்தது. தாங்கள் மூடவில்லை. மகள் ஆரணியின் பெயருக்கு அதை மாற்ற எட்டு மாதம் படியேறி இறங்கினீர்கள். ஆரணியின் வீட்டுக்கு இன்று நீலக் கதவு.

நேற்று எங்கள் தயாளினி தங்களிடம் கேட்டாள், "மிஸ், திங்கக்கிழமை என்ன செய்யப் போறியள்?"

"மழை பெய்தா நல்லா நித்திரை கொள்ளப் போறன். இத்தனை வருசமும் மழை எண்டாலே, ஆரின்ரை வீடு இன்னும் கூரை போடாமல் கிடக்கெண்டு எண்ணிக்கொண்டு கிடந்தனான்."

சிரிக்கத் தொடங்கிய எங்களால் சிரித்து முடிக்க இயலவில்லை.

அருமை அம்மையீர்! அன்புக் கணவர் நோர்மன் ஐயாவோடு, நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் வாழ்க! மாரி வரட்டும். வடகடலில் இருந்து முகில் ஏறி வந்து தங்கள் ஓட்டுக்கூரையில் பொழியட்டும். அந்த ஓசையில் தாங்கள் ஆழ்ந்து உறங்குங்கள். கூரையில்லாத வீடுகளை இனி நாங்கள் எண்ணுவோம்.

இங்ஙனம்,
தங்கள் கை பிடித்துக் களம் கண்ட
வீடமைப்புப் பிரிவு உத்தியோகத்தர்களும் ஊழியர்களும்