வாயால் ஊதியவன்

மத்தியானம் இரண்டரை மணி. நீளமான தெரு. ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள்... நடுவில் ஒரே ஒரு ஆள், தோளில் பையோடு நடந்து போகிறான்.

என்ன முறைக்கிறீர்கள்? பேய்க் கதை என்று உட்கார வைத்துவிட்டு மத்தியானத்தில் ஆரம்பிக்கிறேன் என்றா? பேய்க்கு டைம் டேபிள் யார் போட்டுக் கொடுத்தது? கிட்டே வந்து உட்காருங்கள். வாயில் எதையாவது மென்றுகொண்டிருந்தால் இப்போதே விழுங்கிவிடுங்கள். அப்புறம் குமட்டுகிறது என்று என்னைத் திட்டக் கூடாது.

இது என்னோடு வேலை பார்ப்பவனின் மச்சானுக்கு நடந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். கடையில் அவனுக்கு 'ஊதி' என்று பட்டப்பெயர். எந்த மெஷினைத் திறந்தாலும் முதல் காரியமாகக் குனிந்து வாயால் ஊதுவான். காற்றடிக்கும் பிளோயர் பையிலேயே கிடக்கும், தொட மாட்டான். "வாயால ஊதினாத்தாம்பா எந்த இடுக்குல அடைச்சிருக்குன்னு தெரியும்" என்பான். பதினோரு வருஷமாக அப்படித்தான். அவன் தொட்ட மெஷின் மறுபடி ரிப்பேருக்கு வந்ததில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

தெருவின் கடைசி வீடு. மாடிப்படி ஏறும்போதே ஃபினாயில் நெடி. தரை துடைத்த நெடி இல்லை, கண்ணில் தண்ணீர் வருகிற நெடி. அதற்கு அடியில் இன்னொன்று... லேசாக, தித்திப்பாக. எங்கேயோ எலி செத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கார அம்மா அறை வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. மகள்தான் கூட வந்தாள். பதினைந்து வயது இருக்கும்.

"டைப் பண்ணா ஒண்ணும் ஆகல அண்ணா. படம் பார்த்தாலும் ஓடுது. கேம் போட்டா மட்டும் ஆறே நிமிஷம்... டப்புனு ஆஃப்."

"வேற யாராச்சும் பார்த்தாங்களா?"

"மூணு பேரு. ஒருத்தரு வயர மாத்தினாரு. இன்னொருத்தரு எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக் குடுத்தாரு. மூணாவது ஆளு மூடியத் திறந்தாரு. திறந்த உடனே மூடிட்டு, அவசர வேலைன்னு ஓடிட்டாரு."

ஊதிக்குச் சிரிப்பு வந்தது. "சூடும்மா, வேற ஒண்ணும் இல்ல. கேம் போட்டா மெஷின் மூச்சு வாங்கும். இதுக்கு மூக்கு அடைச்சிருக்கு."

தானே உட்கார்ந்து கேமைப் போட்டான். கீபோர்டில் கை வைத்தவன் சட்டென்று எடுத்தான். இடது பக்கம் நாலு கீயில் மட்டும் எழுத்து அழிந்திருந்தது. அதன் மேல் மஞ்சளாக ஒரு படலம், உருகிக் காய்ந்த மெழுகு மாதிரி. விரல் ஒட்டிக்கொண்டு... ச்சப்... என்று பிரிந்தது. சீ என்று பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"அப்பா கை பட்டது அண்ணா" என்றாள் அவள். "மூணு விரலும் அது மேலயே இருக்கும். கட்டைவிரல் ஸ்பேஸ் பார்ல, குதிக்கறதுக்கு. சுண்டுவிரல மட்டும் வெறப்பா மேல தூக்கி வெச்சுக்குவாரு. நாங்க எவ்ளோ கிண்டல் பண்ணுவோம் தெரியுமா..."

"நீ இங்க வா" என்று வாசலிலிருந்து அம்மாவின் குரல். அவள் போய்விட்டாள்.

திரையின் மூலையில் சூட்டின் அளவு ஏறிக்கொண்டே போனது. எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூற்றெட்டு. டப். இருட்டு. சொன்னேன் பார்த்தாயா என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு மூடியைக் கழற்றினான்.

தூசி அவன் பார்க்காததா? காய்ந்து, பஞ்சு பஞ்சாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். இது அப்படி இல்லை. பழுப்பாக, ஈரமாக, ஃபேனின் இறக்கைகளைச் சேர்த்து மெழுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். உரித்த தோல் போல ஒரே துண்டாக வந்தது. உள்ளே குட்டை குட்டையாக முடி... வேரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ. அடியில் அரிசி அளவில் பழுப்புக் கூடுகள், கொத்துக் கொத்தாக. ஈ பொரித்துப் பறந்துபோன கூடுகள். எல்லாம் காலி.

அப்போதே எழுந்து போயிருக்கலாம், அந்த மூன்றாவது ஆள் மாதிரி. ஆனால் திமிர் விடுமா? கட்டியைக் காகிதத்தில் சுருட்டி ஓரமாக வைத்தான். ஃபேனுக்கு அடியில் சூட்டை இறக்கும் தகடுகளின் இடுக்கில் இன்னும் மிச்சம் இருந்தது. பிளோயர் பையில்தான் இருந்தது. பழக்கதோஷம்... குனிந்தான். உதடு உலோகத்தில் படாத குறை.

ஊதுவதற்கு முன்னால் என்ன செய்யவேண்டும்? இழுக்கவேண்டும். நெஞ்சு நிறைய.

இழுத்தான். ஏதோ கூடவே போனது. அடிநாக்கில் உப்பாக, பிசுக்காக ஒரு ருசி. தொண்டையில் ஒரு முடி. காறினான், வரவில்லை. கண் கலங்கிக்கொண்டே ஊதினான். புஸ்ஸென்று எல்லாம் பறந்தது.

மெஷின் ஓடியது. ஆறு நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம். சூடு அறுபதைத் தாண்டவில்லை. மகள் கை தட்டினாள். அம்மா மட்டும் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எல்லாம் வெளிய வந்துருச்சா தம்பி?"

"சுத்தமா வந்துருச்சுக்கா."

"வந்தது... எங்க போச்சு?"

இது என்ன கேள்வி என்று காகிதத்தைக் காட்டினான். அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை பல் தேய்த்தான். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். முடி அங்கேயேதான் இருந்தது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அசைந்தது.

"கஞ்சி சூடா இருக்குங்க, ஆத்திக் குடுங்க" என்று மனைவி கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். பத்து மாதக் குழந்தை. மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பூனாக... ஃபூ... ஃபூ... என்று ஊதி ஊதி ஊட்டினான். கிண்ணம் காலி. பக்கத்தில் வந்த மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, வாய்ல எலி செத்த நாத்தம்?"

அப்போதுதான் போன் வந்தது. அந்தப் பெண்.

"கேம் சூப்பரா ஓடுதுண்ணா. அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க, எனக்குத்தான் மனசு கேக்கல... நாங்க ஊருக்குப் போயிருந்தப்ப அப்பா அந்தச் சேர்லயே போயிட்டாரு. பதினோரு நாள் யாருக்கும் தெரியாது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சு. மெஷின் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சுண்ணா, ஃபேன் நிக்கவே இல்ல. அந்த ரூம் காத்து பூரா அதுக்குள்ளதான் போயிருக்கு. ரூம கழுவினாங்க, சேர எரிச்சாங்க. அதுக்குள்ள கழுவணும்னு யாருக்கும் தோணல. நீங்க... வாய், மூக்கு எல்லாம் கட்டிக்கிட்டுத்தானே பண்ணீங்க?"

போனைப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினான். தொண்டைக்குள் விரலை விட்டான். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். மூன்றாவது தடவை விரலில் சிக்கியது. இழுத்தான். குட்டை முடி. வேரில் வெள்ளை.

வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதே விட்டான். தொண்டை காலியாக இருந்தது. வாயில் அந்த ருசி இல்லை. உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தான். நாற்றமும் இல்லை.

"என்னங்க..." உள்ளே இருந்து மனைவி கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்களேன். பாப்பா தூக்கத்துல என்னமோ பண்றா."

குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போகும்போதே அந்தத் தித்திப்பு நெடி. இடது கை மெத்தை மேல் விரிந்திருந்தது. மூன்று விரல்கள் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன... டொக்... டொக்... டொக்... நடுநடுவே கட்டைவிரல் ஒரு தட்டு.

சுண்டுவிரல் மட்டும் விறைப்பாக மேலே தூக்கியிருந்தது.