மாமன்மாரைத் தாங்காத டிடிபி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாராவியில் இரண்டு தோல் பட்டறை வைத்திருக்கிறேன் என்றால், எல்லாம் காதால் கற்றதுதான். நேற்று சயான் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அச்சகக்காரரும், மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவரும் நின்றார்கள்.

“அண்ணாச்சி, பத்திரிகையில உங்க வீட்டு மாமன்மார் பேரப் போட்டதும் கம்ப்யூட்டர் படுத்துட்டு.”

“அம்பத்தாறு பேருதானவே?”

“பத்திரிகை கோக்குற டிடிபி சாப்ட்வேர்ல பேருக்குன்னு ஒதுக்குன இடம் கொஞ்சம். வர்ற பேர அது அளக்காம வாங்கிக்கிடுது. நிரம்புனா பக்கத்து இடத்துல வழியுது. அந்த ஓட்டை வழியா எவனும் வைரஸ உள்ள விடலாமாம். பத்து மாமன எடுத்துருதேன்.”

“எடுத்துராதீரும்! வைரஸ்காரன் உம்ம கம்ப்யூட்டரத்தான் கெடுப்பான். பேரு விட்டுப்போன மாமன் மேடையில மாப்பிள்ளையவே எழுப்பி விட்டுருவான்.”

அச்சகக்காரர் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார்.

“அப்ப அம்பத்தாறும் இருக்கட்டும். வைரஸ்காரனுக்கும் ஒரு பத்திரிகை வச்சிருவோம்.”