மாற்றி எழுதிய எண்கள்

— அந்த சுகர் நோட்டைக் கொடுடி.

— எதுக்குக்கா? எல்லாம் நார்மல்தான்.

— அதான் பார்க்கணும். வெறும் வயித்துல தொண்ணூத்தொண்ணு, தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணு... படிக்கிறப்பக்கூட நீ இவ்வளவு மார்க் வாங்கினதில்லையே!

— கிண்டல் பண்ணாத. எட்டு மாசம்... சிரிச்சா மூச்சு வாங்குது.

— சரி, மெஷினை எடு.

— அதுல பேட்டரி...

— இருக்கு. பட்டனை அமுக்கினா பழைய ரீடிங் எல்லாம் வருது பாரு. நேத்துக் காலையில நூத்தி முப்பத்தெட்டு. முந்தாநாள்...

— வை அதை. வைன்னு சொல்றேன்ல!

— ... அழாதடி. ஏன் மாத்தி எழுதின?

— போன மாசம் டாக்டரம்மா, அத்தனை பேர் வரிசையில உட்கார்ந்திருக்காங்க, "குழந்தைக்காகக்கூட வாயைக் கட்ட முடியாதா"ன்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்தா இவர் என் தட்டையே பார்க்கிறாரு. சத்தியமா அரை வயிறுதான் சாப்பிடறேன்க்கா. அப்பவும் ஏறுது. என் புள்ளைக்கு நானே விஷம் ஊட்டற மாதிரி...

— அப்படியெல்லாம் பேசாத. நீ தின்னதால வந்ததில்ல இது. புள்ளை வளர்ற நேரத்துல சில உடம்புக்கு அப்படி ஆகும். ஊசி போட்டா இறங்கும்.

— உனக்கென்ன தெரியும்? உனக்கு வந்துச்சா?

— வந்துச்சு.

— என்ன...? எப்போ?

— முதல் தடவை. ஏழாம் மாசம், சுகர்னு ரிசல்ட் கொடுத்தாங்க. சீட்டை நாலா மடிச்சுக் கைப்பையில போட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் செக்கப்புக்கே போகலை. திட்டு வாங்க வெட்கமா இருந்துச்சு... அவ்வளவுதான்.

— அந்தக் குழந்தை...

— ஒன்பதாம் மாசம் அசைவு நின்னுபோச்சு. உனக்குத் தெரிஞ்சதுதானே.

— அக்கா... போனைக் கொடு. டாக்டரம்மாகிட்ட நிஜத்தைச் சொல்லிடறேன்.

— நானே பேசறேன். அவங்க திட்டினா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிக் கேட்கறேன். நீ உட்காரு.

— ஆனா... மாமா உன்னை பைக்ல கூட்டிட்டுப் போய், பள்ளத்துல விட்டுக் குலுங்கினதாலதான்னு எல்லாரும் சொன்னாங்களே. அம்மா அவர் மூஞ்சிக்கு நேராவே கேட்டாங்க. நீ ஒண்ணும் சொல்லலையே... மாமாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. அந்த வாரமே வண்டியை வித்துட்டு, இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டிருக்காரு.